எசியைச் சோதித்த சனிக்கிழமைகள்

சென்ற மாதம் ரொறன்ரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. தட்டு நிறைய ரோல்சும் பற்றிசும் எடுத்துக்கொண்டு, மனைவியின் கண்ணுக்கு எட்டாத ஒரு மூலையில் நான் ஒதுங்கியிருந்தபோது ஓர் இளம் பெண் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். பெயர் தர்ஷினி. காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியையாகப் பயிற்சி பெறுகிறாளாம். நானும் அந்தத் தொழிலில் கிடந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

“அங்கிள், இப்ப அசெஸ்மென்ற் எல்லாம் ஐபாட்டிலைதான். கிட் படத்தைத் தொட்டாச் சரி, ஸ்கோர் தானா வந்திடும். எய்ட்டீஸிலை நீங்கள் என்னத்தை யூஸ் பண்ணினனீங்கள்?”

“என்னைத்தான் பிள்ளை” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. விளக்கிச் சொல்ல வாயெடுத்தால் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். எழுத்தை யாரும் இடையில் கேக் வெட்டி நிறுத்த முடியாது.

எண்பத்து மூன்றில் நான் சாம்பியாவில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டமும் கொஞ்சம் துணிவும் இருந்தவர்கள் ஆபிரிக்காவுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனார்கள். எனக்குப் பட்டம் இருந்தது. துணிவு மனைவி ராணியிடம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்ப நாங்கள் பெட்டி கட்டிய நேரம் பார்த்து அங்கே ஜூலைக் கலவரம். கட்டிய பெட்டியை ராணி அவிழ்க்கவில்லை. போகும் திசையை மட்டும் மாற்றினாள். அடுத்த ஆண்டு ரொறன்ரோவில் வந்து இறங்கி, மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடியில் குடியேறினோம்.

வந்த கிழமை, பாண் வாங்கப் போன ராணி முகம் சிவக்கத் திரும்பி வந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தக் கடைப் பெட்டை மிச்சக் காசை இடக்கையாலை தூக்கித் தாறாள். நான் என்ன பிச்சையே கேட்டனான்?”

“இது கனடா. இஞ்சை ரெண்டு கைக்கும் ஒரே மரியாதை. பழகிக்கொள்ளும்.”

இரண்டு மாதத்தில் ராணி பழகிக்கொண்டாள். நானும் பழகிக்கொண்டேன், அதாவது யார் எந்தக் கையால் தருகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது இந்த வேலை பற்றி அறிந்தேன். கிழக்கு ரொறன்ரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரு சிறிய மையம். ஆபிரிக்க நாடுகளில் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களை ஆண்டுக்கு ஓரிருவராக வரவழைத்துப் பயிற்சி கொடுப்பதும், அவர்களுடைய பள்ளிக்கூடங்களுக்குப் பாடப்படங்களும் காதுக் கருவிகளும் பெட்டி கட்டி அனுப்புவதும் அவர்கள் பணி. சனிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் நடக்கும். ஆபிரிக்காவிலிருந்து புதிதாக ரொறன்ரோவுக்கு வந்த குடும்பங்களின் காது கேளாத பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. இதற்கெல்லாம் ‘ஆபிரிக்க அனுபவம்’ உள்ள ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். என்னுடைய அனுபவம், நன்றாகக் காது கேட்கும் பெடியன்களுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொடுத்தது. ஆனால் நான் சொன்னது எதுவும் அவர்கள் காதிலும் ஏறியதில்லை என்பதால், தகுதி ஓரளவு இருக்கிறது என்றே நினைத்துப் போனேன்.

நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருவர் இருந்தனர். ஒருவர் மையத்தின் தலைவி மிஸ் டொரத்தி. உயரமானவர், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார், பிறவியிலேயே காது கேளாதவர். மற்றவர், அவர் கையால் சொல்வதை எனக்கு வாயால் சொல்லும் மொழிபெயர்ப்பாளர், ஓர் இளம் பெண். நான் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே என் பெருமைகளை எல்லாம் அள்ளிவிட்டேன். திடீரென்று மேசை அதிர்ந்தது. மிஸ் டொரத்தி உள்ளங்கையால் அறைந்திருந்தார். கைகள் பறந்தன. மொழிபெயர்ப்பாளர் வெட்கத்துடன் சொன்னார்: “இவர் உன்னைப் பெண் பார்க்க வந்தாரா, என்னிடம் வேலை கேட்டு வந்தாரா என்று கேட்கிறார்.”

வேலை கிடைத்தது. வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

பயிற்சிக் காலத்தை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் என் கைகள் உளறின. மிஸ் டொரத்தியின் சட்டங்களை மட்டும் சொல்லவேண்டும். கதவைத் தாண்டி உள்ளே வந்தால் வாய் பூட்டு. காது கேட்கிற இருவர் தனியாக நின்றாலும் கையால்தான் கதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அங்குள்ள மற்றவர்களுக்கு முன்னால் இரகசியம் பேசுவதற்குச் சமம். ஒருவரைக் கூப்பிட, தரையில் காலால் உதைக்கலாம். அவர் திரும்பிப் பார்க்கும் வரை கதையைத் தொடங்கக்கூடாது. கோடு போட்ட சட்டை கூடாது. கைக்குப் பின்னால் கோடுகள் ஆடினால் பார்க்கிறவர்களின் கண் களைத்துவிடும். கடைசியாக என் மீசையைப் பார்த்தார். வாயசைவை அது மறைக்கிறதாம்.

அன்று மாலை ராணி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“உதென்னப்பா, மீசை எங்கை?”

“வேலையிடத்திலை எடுக்கச் சொல்லிப்போட்டினம். சொண்டு தெரியவேணுமாம்.”

“எங்கடை அம்மா அந்த மீசையைப் பாத்துத்தானே உங்களுக்கு ஓம் எண்டவ. இனி நான் என்னத்தைப் பாக்கிறது?”

மையத்தில் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எனக்குக் கிடைத்தது, மூக்கின் கீழே சுட்டுவிரலால் ஒரு கோடு. இல்லாத மீசையே என் பெயராகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அந்த மொழியில் நீ, நீர், நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சுட்டுவிரல்தான். மிஸ் டொரத்தி அதை என் நெஞ்சை நோக்கி நீட்டும்போதெல்லாம், ஊரில் வேலிச் சண்டையில் நிற்பது போலவே இருந்தது எனக்கு.

ஆனால் கோபித்துக்கொண்டு நிற்க நேரம் இருக்கவில்லை, வியக்கவே பொழுது சரியாக இருந்தது. ஒருநாள் சுரங்க ரயிலில் எங்கள் மாணவர் இருவர் வெவ்வேறு பெட்டிகளில் ஏறிவிட்டார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு ஊடாக, ஓடுகிற ரயிலில், வாயில் சாப்பாட்டுடன் அவர்கள் விட்ட கதையை முடித்துவிட்டு இறங்கினார்கள். பக்கத்தில் இருந்தவருடன் பேசவே நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள், பயிற்சிக்கு வந்திருந்த சாம்பிய ஆசிரியர் ஒருவர், சோளம் கட்டி வைக்கும் அறை ஒன்றில் தான் வகுப்பு நடத்துவதாகவும், மழை வந்தால் பாடத்தை நிறுத்துவதாகவும் சொன்னார். நான் தலையாட்டினேன். தகரக் கூரையின் கீழ் மழைச் சத்தத்தில் படிப்பித்த ஆள் அல்லவா நான்! அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சத்தத்துக்காக இல்லை. இருட்டிவிடும்.” அந்தப் பிள்ளைகளின் செவி வெளிச்சம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை காலம் பிடித்தது.

இனி எசி.

எண்பத்தாறாம் ஆண்டின் இளவேனிலில் கிரேஸ் என்ற பெண், ஒன்பது வயது மதிக்கத்தக்க மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். சொந்த இடம் கானாவில் ஒரு சிறிய ஊர். ரொறன்ரோவில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறார். கிரேஸ் பேசியது ஆங்கிலம். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது என் காதில் அவர் எங்கள் ஊர்த் தமிழிலேயே கதைக்கிறார். அப்படியே விட்டுவிடுகிறேன்.

“மாஸ்ரர், பிள்ளைக்குக் காது கேக்காது. பள்ளிக்கூடக் கந்தோரிலை இருந்து ஒரு ஐயா வந்து பாத்தவர். இவளுக்கு ஒரு மொழியும் இல்லையாம், மூளை வளராத பிள்ளையாம். நகரத்துக்கு வெளியிலை, தங்கி நிக்கிற இடம் ஒண்டு இருக்காம். அங்கை விடப்போயினமாம்.”

“உங்கடை விருப்பத்தைக் கேட்டவையோ?”

“கேட்டவை. எனக்கு எந்த நாள் லீவு எண்டும் கேட்டவை. முழு நாள் லீவு ஞாயிறுதான் எண்டன். அண்டைக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லையாம்.” அவர் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைகளுக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டு நின்றார். “நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொன்னால் கேப்பினமாம்.”

அது உண்மைதான். எசியைப் பார்த்துவிட்டுப் போன அந்தக் கல்வி அதிகாரி மிஸ் டொரத்தியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பவர். மூன்று சனிக்கிழமை அவகாசம் தந்தார். மூன்றாவது சனிக்கிழமை தானே வந்து பார்ப்பார். அன்றும் பிள்ளையிடம் மொழி என்று ஒன்று தென்படாவிட்டால், எசி அந்த இடத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

“வீட்டில் இவளோடு எப்படிக் கதைப்பீர்கள்?” என்று மிஸ் டொரத்தி கேட்டார்.

“கதைக்கிறேல்லை” என்று கிரேஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சோதனையை மிஸ் டொரத்தி நடத்தும் விதத்தைச் சொல்லவேண்டும். அதில் அவர் ஒரு பூசகர் போல. பிள்ளையின் முதுகு ஜன்னலுக்கு, சோதிப்பவரின் முகம் வெளிச்சத்துக்கு. பிள்ளைக்குக் கண் கூசக்கூடாது, சோதிப்பவரின் முகத்தில் நிழலும் விழக்கூடாது. பெற்றோர் வெளியே, வாசல் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருக்கவேண்டும். மேசையில் நான்கு படங்கள் வைக்கப்படும்: பானை, கோழி, விளக்குமாறு, கத்தி. ஐந்தாவதாக ஒரு படத்தை அவர் நீட்டுவார். அது நான்கில் ஒன்றுக்குச் சோடி. பிள்ளை வாங்கிச் சரியான படத்தின் மேல் வைக்கவேண்டும். அது முடிந்தால் அந்தப் பொருளுக்குப் பிள்ளையிடம் ஏதாவது சைகை இருக்கிறதா என்று பார்ப்பார். அவசரப்படுத்த மாட்டார். பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் வரை மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொட்டாவி வரும், அவருக்கு வராது.

முதலாவது சனிக்கிழமை அவர் பானைப் படத்தை நீட்டினார். எசி அதைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்தினாள். கோழியை நீட்டினார். எசி சுவரைப் பார்த்தாள். இரண்டாவது சனிக்கிழமை இன்னும் மோசம். அவர் படத்தை நீட்டி, விரலால் மேசையைச் சுட்டிக் காட்டியதும் எசியின் கண்கள் நிரம்பின. கதிரையோடு திரும்பி உட்கார்ந்துவிட்டாள். மிஸ் டொரத்தி தன் வாழ்க்கையில் எத்தனையோ பிடிவாதக்காரப் பிள்ளைகளைப் பார்த்தவர். ஆனால் தன் கையிலிருந்து எதையுமே வாங்காத பிள்ளையை அவர் கண்டதில்லை.

என்னிடம் எசி அப்படி இல்லை. நான் பிஸ்கற் கொடுத்தால் முழங்காலைச் சற்று மடித்து வாங்கினாள். நான் காட்டிய பொம்மையை வாங்கித் திருப்பித் தந்தாள். என்னைக் கண்டால் முகம் மலர்ந்தாள். வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

“பிள்ளைக்கு என்னிலை ஒரு பிடிப்பு, ராணி. மிஸ் டொரத்தியிட்டை ஒண்டும் வாங்கிறாளில்லை. நான் குடுத்தால் வாங்கிறாள். சிலபேருக்கு இயற்கையிலை ஒரு முகராசி இருக்கும்.”

“ஓமோம். மீசையும் இல்லாத முகத்துக்கு ராசி வேறை” என்றாள் ராணி, வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல். “முகராசியாலை அந்தப் பிள்ளையைத் தாயோடை நிப்பாட்டேலுமோ, அதைச் சொல்லுங்கோ.”

எசி என்னிடம் வாங்கித் தின்ற பிஸ்கற்றுகள் அதிகாரிக்கு மொழியாகப் படாது.

மூன்றாவது சனிக்கிழமை அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் அல்ல. மேலங்கியைக் கழற்றாமலே உட்காரும் அளவுக்கு வேலை தலைக்கு மேல் உள்ள மனிதர். அன்று பார்த்து மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். மிஸ் டொரத்திக்குக் குரல் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கிரேஸ் வெளியே வாங்கில் இருந்தார். கதவைச் சாத்தினோம்.

மிஸ் டொரத்தி பானைப் படத்தை எடுத்து நீட்டினார். எசி பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பெரியவர்கள் ‘இனிப் பொறுக்கேலாது’ என்று விடும் அதே பெருமூச்சு. எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். படத்தைப் பிடித்திருந்த மிஸ் டொரத்தியின் இடது மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றினாள். படத்தை விரல்களிலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். அந்தக் கையை மெதுவாகக் கொண்டுபோய் அவருடைய முதுகுக்குப் பின்னால் வைத்து, அங்கேயே இருக்கட்டும் என்பது போல இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான் பாதி எழுந்துவிட்டேன். அதிகாரிக்கு விளங்காத ஒன்று எனக்குத் தெரியும். மிஸ் டொரத்தி சிறுமியாகப் படித்த பள்ளிக்கூடத்தில் சைகை தடை. வாயால்தான் பேசிப் பழகவேண்டும். கையை அசைத்தால் பின்னால் கட்டிவிடுவார்கள். அவர் இடக்கைக்காரி வேறு, அதற்குத் தனித் தண்டனை. ஒருநாள் பெட்டி கட்டும்போது, சணல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடியே, வானிலை சொல்வது போல இதைச் சொன்னார். அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து நிறுத்திய ஒரு வைத்தியரை, அப்படியே வாசல் வரை நடத்திச் சென்று வெளியே விட்டதையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்போது அவருடைய தோள்கள் உயர்ந்து இறுகின. எசியின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, தண்டனையும் இல்லை. சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிய ஒருவருக்கு அதைச் சரிபண்ணிவிடுகிற முகம். மிஸ் டொரத்தியின் தோள்கள் இறங்கின. கையைப் பின்னாலேயே விட்டார். வலக்கையால் படத்தை எடுத்தார். முதல் நாள் பென்சில் பிடிக்கும் பிள்ளை போல விரல்கள் தடுமாறின. நீட்டினார்.

எசி தன்னுடைய இடக்கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முழங்காலை மடித்து, வலக்கையால் வாங்கினாள். திரும்பியும் பார்க்காமல் பானையின் மேல் வைத்தாள். இதற்கா மூன்று கிழமை என்பது போல. பிறகு மீண்டும் மேசையைச் சுற்றி வந்து, மிஸ் டொரத்தியின் இடக்கையைப் பின்னாலிருந்து எடுத்து, முன்னே கொண்டுவந்து, வலக்கைக்குப் பக்கத்தில் வைத்துத் தலையசைத்தாள்.

கட்டிய கையைத் தானாகவே அவிழ்த்துவிட்ட ஒருவரை மிஸ் டொரத்தி அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு எசி கதைக்கத் தொடங்கினாள். பானையைத் தொட்டாள், கைகள் எழும்பின. தோள், கன்னம், விரல், புருவம் எல்லாம் கதைத்தன. கதை ஓடியது, நின்றது, ஒரு கேள்வி கேட்டது, மறுமொழிக்காகப் பார்த்தது, மறுபடி ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“என்ன சொல்கிறாள்?” என்று அதிகாரி கேட்டார்.

“தெரியவில்லை” என்றேன்.

“அப்படியானால் இது மொழி அல்ல. வெறும் அபிநயம்.”

அதை நான் கையால் சொன்னதும் மிஸ் டொரத்தி திரும்பினார். “எனக்கும் விளங்கவில்லை. எனக்குச் சீனமும் விளங்காது. தாயைக் கூப்பிட முன்னர் ஒரு சின்ன வேலை இருக்கிறது” என்றார். பிறகு சுட்டுவிரலை என் நெஞ்சுக்கு நீட்டினார். “இந்தப் பிள்ளைக்கு முன்னால் ஏதாவது செய். யாரும் எதிர்பார்க்காத மாதிரி. வழக்கம் போல முட்டாள்தனமாக.”

இத்தனை ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் என் திறமைக்குப் பொருத்தமாக எனக்குத் தரப்பட்ட ஒரே பணி அது. அதிகாரியின் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தேன். அது காதுவரை இறங்கியது. விளக்குமாற்றுப் படத்தை எடுத்து அக்குளுக்குள் வைத்துக் காய்ச்சல் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் கதிரை ஒன்றில், ராசா போல, மெதுவாக உட்கார்ந்தேன். இதுவரைதான் திட்டம். கதிரையின் கால் முறிந்தது என் திட்டத்தில் இல்லை.

நான் தரையிலிருந்து எழுந்ததும் கதவைத் திறந்து கிரேஸைக் கூப்பிட்டோம். மிஸ் டொரத்தி எசிக்குத் தாயைக் காட்டினார், என்னைக் காட்டினார், வலக்கையால். எசிக்கு அது போதும், தாயை நோக்கிக் கைகளைத் தூக்கினாள். ஆனால் கிரேஸ் அதிகாரியைக் கண்டதும் மிரண்டு நின்றார். கைகள் பைக்குள் இன்னும் ஆழமாகப் போயின.

“இல்லை ஐயா, நாங்கள் கை காட்டிறேல்லை. ஆஸ்பத்திரியிலை சொன்னவை, கை காட்டினால் பிள்ளை ஒருநாளும் பேசமாட்டாள் எண்டு. நான் நிப்பாட்டிப்போட்டன். உண்மையா நிப்பாட்டிப்போட்டன்.”

நான் மொழிபெயர்த்தேன். மிஸ் டொரத்தியின் மறுமொழி ஒரே வரி. “கைகளை வெளியே எடுக்கச் சொல்லு.”

கைகள் வெளியே வந்தன. எசி தொடங்கினாள். கிரேஸ் இடையில் ஏதோ கேட்டார், அவள் திருத்தினாள், கிரேஸ் மறுபடி கேட்டார். நடுவில் கிரேஸ் வாய்விட்டுச் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன சொன்னாள்?” என்று அதிகாரி முன்னுக்குச் சாய்ந்தார்.

“இந்த மாஸ்ரர் உங்கடை தொப்பியைப் போட்டவராம். அது அவருக்குக் கண்ணை மறைச்சதாம். விளக்குமாத்தைக் கமக்கட்டுக்குள்ளை வைச்சவராம், ஏனெண்டு தனக்கு விளங்கேல்லையாம். பிறகு சின்னக் கதிரையை முறிச்சவராம். விழுந்தோடனை தன்ரை காலைப் பாக்கேல்லையாம், ஆராவது கண்டவையோ எண்டுதான் பாத்தவராம்.” கிரேஸ் தயங்கினார். “அதோடை, ஐயா, நீங்கள் சிரிச்சனீங்களாம். பிறகு கையாலை மறைச்சனீங்களாம்.”

அதிகாரியின் கை மறுபடி வாய்க்குப் போனது. அந்தச் சிரிப்பை நான் கண்டிருக்கவில்லை. நான் தரையில் கிடந்தேன்.

“இதை யார் படிப்பித்தது?” என்றார் அவர்.

“படிப்பிக்கிறதோ?” கிரேஸுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “எங்கடை ஊரிலை கனபேருக்குக் காது கேக்காது. பரம்பரை பரம்பரையா அப்பிடித்தான். அதாலை ஊரிலை எல்லாரும் கையாலையும் கதைப்பம். காது கேக்கிற ஆக்கள்தான் கூடக் கதைக்கிறது. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிப்பாளவை. ஒரு சத்தம் கேக்காது. ரெண்டு கையாலையும் கதைக்கலாம், ஆனால் இடக்கையாலை ஒருத்தருக்குக் குடுக்கக்கூடாது, சுட்டக்கூடாது. அது பெரிய அவமானம். இந்தப் பிள்ளைக்குத் தெரியாதே, இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான் குடுக்கிறவை எண்டு.”

என் முகராசி அந்த இடத்தில் செத்துப்போனது. மூன்று கிழமையாக எசி பார்த்தது என் முகத்தை அல்ல, என் வலக்கையை. இடக்கையை நீட்டி விரல் மொளியில் அடி வாங்கி வளர்ந்த யாழ்ப்பாணத்தான் நான். மிஸ் டொரத்தி நீட்டிய கை எதுவென்று மூன்று கிழமையாக எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு நன்றாகக் கனடாவுக்குப் பழகியிருந்தேன்.

ஆனால் அதற்காக வெட்கப்படக்கூட எனக்கு அப்போது மனம் வரவில்லை. மனம் முழுவதும் அந்த ஆற்றங்கரையில் நின்றது. பள்ளிக்கூடம் இல்லாத ஊர். ஆசிரியர் இல்லை, மையம் இல்லை, என்னைப் போல ஓர் உதவியாளரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காது கேளாது, ஆனபடியால் நாமும் கையால் கதைப்போம் என்று ஓர் ஊரே எப்போதோ தீர்மானித்து, அதைப் பெரிய காரியமாகவும் நினைக்காமல், தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. ரொறன்ரோவில், மிஸ் டொரத்தி பாண் வாங்கப் போனால்கூட எழுதிக் காட்டித்தான் வாங்கவேண்டும். சுவரோரம், ஆபிரிக்காவுக்கு அனுப்ப நாங்கள் கட்டி அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தேன். அங்கிருந்து எதையாவது கேட்டு வாங்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அதிகாரி மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். “சரி. மொழி இருக்கிறது. மிஸ் டொரத்தி, உங்கள் சிபாரிசை முறைப்படி சொல்லுங்கள்.”

மிஸ் டொரத்தி யோசித்தார். அந்த இடைவெளியில் எசி தாயின் கையைத் தட்டி, வலக்கையால் மிஸ் டொரத்தியைக் காட்டி ஏதோ சொன்னாள். கிரேஸ் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். எசி மறுபடி சொன்னாள். மிஸ் டொரத்தி தரையில் காலால் உதைத்து, என்னவாம் என்று கேட்டார்.

“வேண்டாம் ஐயா, சின்னப் பிள்ளைக் கதை.”

“சொல்லுங்கள்” என்றார் அதிகாரி.

“இந்த அம்மாவுக்குக் கதைக்கத் தெரியாதெண்டு ஆரோ தன்னை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கினமாம். இவவுக்குப் பழக்கிறதுக்கு.” கிரேஸின் குரல் இறங்கியது. “முதல் ரெண்டு நாளும் இவ மரியாதை இல்லாமல் நடந்தவவாம். இண்டைக்குச் சொன்னதும் பிடிச்சிட்டாவாம். கொஞ்சம் மெதுவாம், ஆனால் விளங்குதாம். படிக்கக்கூடிய ஆள்தானாம். வேறை இடத்துக்கு அனுப்பிப்போடாதேங்கோ எண்டு சொல்லட்டாம்.”

அதை மிஸ் டொரத்திக்கு நான்தான் சொல்லவேண்டும். ஒரு பகிடியும் சேர்க்காமல், எதையும் விடாமல் சொன்னேன்.

மிஸ் டொரத்தி எசியைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, வலக்கையால், எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை போல மெதுவாகச் சொன்னார். நான் குரல் கொடுத்தேன்.

“என்னுடைய சிபாரிசும் அதுதான்.”

அந்தச் செப்ரெம்பரில் எசி காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சாதாரண வகுப்பில் சேர்ந்தாள். பின்னேரங்களில் தாயிடம் வீடு திரும்பினாள். சனிக்கிழமைகளில் தவறாமல் எங்களிடமும் வந்தாள். மாணவியைப் பாதியில் கைவிட்டுவிட்டுப் போகிற ஆசிரியை இல்லை அவள்.